ஜூலியா, ஜூலையா

வல்லக்கோட்டையில் கனகத்தைப் பற்றி ஒரு கேலி உண்டு. பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் செம்பை உள்ளே எடுத்துப்போவாள், முருகன் கோயில் பிரசாதத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள் என்பார்கள். அதில் பாதி பொய். பிரசாதத்தை அவள் முகர்ந்ததே இல்லை. உற்றுப் பார்த்தாள், அதுவும் ஒரே ஒருமுறை.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணமும் அல்ல. சேரப்பணஞ்சேரியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் ஒருநாள், படப்பைக்குப் போய் வளையல் வாங்கி வரலாம் என்று அப்பா கூட்டிக்கொண்டு போனார். அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேர் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தன்னைப் பெண் பார்த்துவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. வளையலும் வாங்கித் தரவில்லை. அன்றிலிருந்து யாராவது "சும்மா போயிட்டு வரலாம் வா" என்றால் எங்கே, எதற்கு, கூட யார் என்று கேட்காமல் கனகம் வாசற்படி இறங்கமாட்டாள். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகுமா?

அந்த நாலு பேரில் ஒருவர்தான் பாண்டுரங்கன். வல்லக்கோட்டைக்காரர், பட்டாளத்தில் லாரி டிரைவர். கல்யாணமான மறுமாதமே லடாக்குக்குப் போய்விட்டார். அப்புறம் இடையில் எங்கெங்கோ மாற்றினாலும் சுற்றிச் சுற்றி அங்கேயே போய்க்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். எப்படிய்யா இருக்குது அந்த ஊர் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அது ஊரா? நரகம். கண்ணுக்கு ஒரு மரம் கெடயாது. மூச்ச இழுத்தா காத்து வராது, மூக்குலருந்து ரத்தம் வரும்."

நானும் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டுமா என்று புதுசில் கனகம் கேட்டிருக்கிறாள். பொம்பளைகள் அங்கே ஒருநாள் தாங்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். ஊரில் சகலத்தையும் சந்தேகப்பட்டவள் அதை மட்டும் அப்படியே நம்பினாள். கிருத்திகைக்குக் கிருத்திகை அவருக்காகப் பட்டினி கிடந்தாள். மார்கழி மாதத்தில் ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும்போது அவள் வெறுந்தரையில் போர்வையில்லாமல் படுப்பாள். மாமியார் திட்டிப் பார்த்தாள். அவர் ஐஸ்கட்டிமேல் கிடக்கும்போது எனக்கு எதற்குப் போர்வை என்று சொல்லிவிட்டாள். ஒரு மார்கழி இரண்டு மார்கழி அல்ல, பன்னிரண்டு மார்கழி. நெஞ்சுச்சளி பிடித்து ஒரு தை மாதம் முழுக்கப் படுத்தபடுக்கையாகக் கிடந்ததும் உண்டு. தரையில் படுப்பதையும் இதையும் அவருக்குத் தெரியப்படுத்த வேண்டாம், அங்கே கிடந்து கவலைப்படுவார் என்று மாமியாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எண்பத்து நாலில் பாண்டுரங்கன் ஒரு இரும்புப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார். தண்டலம் பக்கத்தில் புதிதாக வந்திருந்த ஒரு வார்ப்புக் கம்பெனியில், ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு டிரைவர் ஆனார். ஊரும் கம்பெனியும் அவரை 'மிலிட்டரி' என்றே கூப்பிட்டன. ஒரே மகளைத் தாம்பரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கனகமும் மார்கழியில் போர்த்திக்கொண்டு தூங்கத் தொடங்கினாள்.

இப்படியே போயிருந்தால் கதை இல்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷம் வந்தது.

கம்பெனியில் மனமகிழ் மன்றம் என்று ஒன்று உண்டு. வருஷாவருஷம் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ டூர் போய்விட்டு, மப்ளர் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் ஊட்டி அலுத்துவிட்டது என்று பேச்சு வந்தபோது, இதெல்லாம் ஒரு குளிரா என்று மிலிட்டரி வாயைக் கொடுத்தார். அப்படியென்றால் உன் லடாக்கைக் காட்டு என்று பிடித்துக்கொண்டார்கள். கம்பெனியில் பிட்டராக இருந்த தாவீதுதான் முதல் ஆள். ஆகஸ்டில் கிளம்புவது, டெல்லிவரை ரயில், அங்கிருந்து மணாலி வழியாக பஸ், லே என்ற ஊரில் ஏழு நாள் தங்கிப் புத்த மடங்களைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. லேயில் நம்கியால் என்று ஒரு பழைய சிநேகிதன். பட்டாளத்துக்குச் சாமான் சுமந்தவன், இப்போது டூரிஸ்டுகளுக்கு வழிகாட்டுகிறான். மடங்களை அவன் சுற்றிக்காட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்துப் போட்டுக்கொண்டு ஆண்கள் எல்லாரும் குனிந்து உட்காருவார்கள். பாண்டுரங்கன் சிவப்பு மசியில் புள்ளி வைப்பார். கனகம் அடுப்படியிலிருந்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். போகும்போது காதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போவாள்.

அவளுக்கு உறுத்தியது ஒரே கேள்விதான். நரகம் என்று வாய்க்கு வாய் சொன்னாரே இந்த மனுஷன், நரகத்துக்கு யாராவது லீவு போட்டுவிட்டுப் போவார்களா? அதுவும் கூட்டம் சேர்த்துக்கொண்டு?

அந்தக் கேள்விக்குத் தீனி போடுவதுபோல ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. லேயில் போய் இறங்கியதும் முதல் இரண்டு நாள் எங்கும் போகக்கூடாது, ரூமில் படுத்தே கிடக்க வேண்டும் என்று அவர் சொன்னார். உடம்பு அந்த உயரத்துக்குப் பழக வேண்டுமாம். இந்தியாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ப் படுத்துக் கிடப்பார்களாம். யாருக்குக் காது குத்துகிறார் என்று கனகம் நினைத்தாள். மலையேறிப் பழக வேண்டும் என்று சொல்லி ஞாயிறு காலைகளில் எல்லாரையும் திருக்கழுக்குன்றம் அழைத்துப்போய்ப் படியேற்றினார். கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மை பூசிக்கொண்டார். நாற்பத்தெட்டு வயதில் எந்த மலை மீசையைப் பார்க்கும்?

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் பாண்டுரங்கன் குரலைக் குழைத்துக்கொண்டு பேசினார்.

"ஜூலேன்னு சிரிச்சிகினே சொல்லணும். அவ்ளோதான். உள்ள கூப்டு உக்கார வெச்சி டீ குடுப்பாங்க."

தாளிப்புச் சத்தத்தில் கனகத்துக்குக் கேட்டது 'ஜூலி'. கூப்பிடுவதும் உட்கார வைப்பதும் டீ கொடுப்பதும் தெளிவாகக் கேட்டன. அடுத்து தாவீது ஏதோ சொல்ல, எல்லாரும் அந்தப் பேரைச் சேர்ந்து ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். வெங்காயம் தீய்ந்து போனது.

கையும் களவுமாகப் பிடிக்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்பது கனகத்தின் சட்டம். இரும்புப் பெட்டியைக் குடைந்தாள். பழைய சட்டைகளும் ஒரு கம்பளிக் குல்லாயும்தான் கிடைத்தன. ஒருத்தியின் போட்டோ இருந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பிடும்போது கொக்கி போட்டுப் பார்த்தாள்.

"எதிர்வூட்டு நாய்க்குட்டிக்கு ஜூலின்னு பேர் வெச்சிக்கீறாங்க."

"நல்ல பேருதான்" என்றார் அவர், ரசத்தைக் கலக்கியபடியே. அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அது போதாதா? மறுநாள் அந்த நாய்க்குட்டி காலைச் சுற்ற வந்தபோது கனகம் கல்லை எடுத்தாள். அது என்ன பாவம் செய்தது என்று அதற்கே தெரியாது.

உண்மையில் அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். இந்த ஆள் இந்த முறை போனால் திரும்பி வருவாரா என்று பயந்தாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அங்கே ஒருத்தி இவருக்கு டீ போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான், இங்கே இவள் வெறுந்தரையில் கிடந்திருக்கிறாளா? அப்படியென்றால் அந்தப் பன்னிரண்டு மார்கழிக்கு என்ன அர்த்தம்? இதற்கு விடை தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மனசில் அடைத்துவைத்தது என்றைக்காவது வாய்வழியாக வரத்தானே வேண்டும். அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு, உங்கள் வீட்டில் என்ன ஞாயிறானால் ஒரே கூட்டம் என்று கேட்டாள். கனகம் குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் அந்த ஜூலியாலதான்."

பம்பின் கடகட சத்தத்தில் சின்னப்பொண்ணுக்குக் கேட்டது: "எல்லாம் அந்த ஜூலையிலதான்."

மற்ற வருஷமாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அது எந்த வருஷம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்து ஊர்களில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனைக்கூட ஊர்க்காரர்கள் நாலு பேராகச் சேர்ந்து விசாரித்தார்கள். பஸ்ஸில் பை வைத்திருந்தவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. டீக்கடையில் பேச்சு குறைந்து, பார்வை கூடியிருந்தது. இத்தனை காலம் கனகம் ஒருத்திதான் எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்தாள். இப்போது ஊரே கனகமாக மாறியிருந்தது. பட்டாளத்து ஆள், வரைபடம், சிவப்புப் புள்ளி, மலையில் பயிற்சி, ஜூலையில் ஏதோ ஒன்று. சின்னப்பொண்ணு கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயந்துபோய்த்தான் தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அது டீக்கடைக்குப் போய், அங்கிருந்து போக வேண்டிய இடத்துக்கும் போய்விட்டது.

மூன்றாம் நாள் முற்பகலில் ஏட்டு கோதண்டராமன் ஒரு போலீஸ்காரரோடு வாசலில் வந்து நின்றார். பாண்டுரங்கன் பஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஏட்டு வயசான மனிதர். அதட்டவில்லை, உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காத கண்கள் அவருக்கு.

"ஜூலையில உங்க வூட்டுக்காரரு இன்னாமோ திட்டம் போட்டுகினு கீறாராமே?"

போலீஸ்வரைக்கும் தெரிந்துவிட்டதா என்றுதான் கனகம் முதலில் நினைத்தாள்.

"ஜூலியப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும்மா ஜூலி?" ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் மாசத்தக் கேக்கறேன். ஜூலை."

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். திருக்கழுக்குன்றத்தில் ஆட்களுக்கு என்ன பயிற்சி, வரைபடம் எங்கே, புள்ளிகள் எதற்கு, கூட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள். அடிபம்பில் தான் விட்ட ஒரு வார்த்தை எங்கே போய் என்னவாகத் திரும்பி வந்திருக்கிறது என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது. புருஷனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவது கண்முன் தெரிந்தது. ஜூலியாவது ஒன்றாவது, முதலில் இந்த மனுஷனைக் காப்பாற்ற வேண்டும். அவளே போய் வரைபடத்தை எடுத்துவந்து ஏட்டின் கையில் கொடுத்தாள்.

"பாத்துக்கோங்க ஏட்டய்யா. லடாக்குக்கு டூர் போறாங்க, அதுக்குத்தான். பன்னெண்டு வருசம் அந்த நரகத்துல கெடந்தவருங்க அவரு. மூக்குல ரத்தம் ஒழுவ ஒழுவ லாரி ஓட்னவரு. எங்கிட்ட ஒரு பொய்யி சொன்னதில்ல. அவரப் போயி சந்தேகப்படறீங்களே."

கடைசி இரண்டு வாக்கியங்களைச் சொல்லும்போது அவளுக்கே நாக்கு கொஞ்சம் இடறியது. ஏட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நரகம் என்று அவள் சொன்னதையும் எழுதிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வந்தாள் ஞானம்மா. தாவீதின் மனைவி, கம்பெனி முதலுதவி அறையில் நர்ஸ். நைட் ஷிப்ட் முடிந்து, கம்பளிச் சட்டை எங்கே வாங்குவது என்று பாண்டுரங்கனிடம் கேட்க வந்தவள், போலீஸைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஐயோ, அது ஜூலையும் இல்ல, ஜூலியும் இல்ல சார். ஜூலே. அந்த ஊர்ல வணக்கத்துக்கு அப்டித்தான் சொல்வாங்க. தேங்க்ஸுக்கும் அதான், போய்ட்டு வரேனுக்கும் அதான். அண்ணன் எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாரு."

எங்கே சொல்லிக் காட்டு என்றார் ஏட்டு. அவள் கையை நெற்றிக்கு உயர்த்தி, தலையைக் குனிந்து, இழுத்துச் சொன்னாள். ஏட்டு தானும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கனகம் ஞானம்மாவை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். வணக்கமா? ஒரு வணக்கத்துக்காகவா வெங்காயம் தீய்ந்தது, நாய்க்குட்டி கல்லடி பட்டது? வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. ஒருத்தியும் இல்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. ஏட்டு எழுந்திருக்கும்போது, பேச்சுக்குத்தான் கேட்டார், அப்படிப்பட்ட இடத்துக்கு எதற்கம்மா பெண்பிள்ளைகள் போகிறீர்கள் என்று. ஞானம்மா உற்சாகமாகச் சொன்னாள். அவளும் இன்னும் இரண்டு வீட்டுப் பெண்களும் போகிறார்களாம்.

"சொர்க்கம் சார் அது. அண்ணன் பஸ்ஸுல சொல்லிச் சொல்லியே எங்களுக்கு ஆசை வந்துச்சி. ஆத்தோரமா பச்சப்பசேல்னு வயலு, மரத்துல தொங்கற பழம், மடத்துல திருவிழா. என் வாழ்க்கையிலயே அங்கதான் சந்தோசமா இருந்தேன்னு சொல்வாரு."

பிறகு கனகத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் வர மாட்டேன்னுட்டீங்களாமே க்கா. உங்களுக்குக் குளிரே ஆகாதுன்னு அண்ணன் சொன்னாரு."

ஏட்டின் பேனா மறுபடியும் வெளியே வந்தது. போலீஸ்காரர் புத்தியே தனி, எங்கே இடிக்கிறதோ அங்கேதான் நிற்கும்.

"நீங்க நரகம்னீங்க. இவங்க சொர்க்கம்ங்கறாங்க. ரெண்டும் அவரே சொன்னதுதானே? நான் எத எழுதிக்கறது?"

கனகம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தான் சொன்னதுதான் சரி என்று நின்றால் பாண்டுரங்கன் இத்தனை பேரிடம் பொய் சொல்லி ஆள் சேர்த்தவர் ஆகிவிடுவார். போலீஸுக்கு அது ஒன்று போதும். அவள் பேச்சை மாற்றிக்கொண்டாள்.

"அவங்க சொல்றதுதான் சரிங்க. நான் போனதில்லயே, எனக்கு இன்னா தெரியும்?"

ஏட்டு நரகத்தை அடித்துவிட்டுச் சொர்க்கம் என்று எழுதினார். கீழே கனகம் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் பாண்டுரங்கன் வரும்போது விஷயம் கம்பெனிவரை போயிருந்தது. வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். கனகம் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம், சாதாரணமாக 'ங்க' போட்டுத்தான் பேசுவாள், கோபம் வந்தால் 'ங்க' போய் 'யா' வந்துவிடும். ஆனால் அன்றைக்கு அவள் கத்தவில்லை.

"சொர்க்கமாயா அது?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் சமாளித்துப் பார்த்தார். பனிக்காலத்தில் நரகம்தான், வெயில்காலத்தில் பரவாயில்லை என்று ஏதோ சொன்னார். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் தரையில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருந்தேன் கனகம். மொத வருசம் கஷ்டம். அப்புறம் புடிச்சிப்போச்சி. அங்க இருக்கறப்ப மனசுல ஒண்ணுமே இருக்காது. லீவுல வந்தா நீ எலும்பும் தோலுமா நிக்கற, எனக்காகப் பட்டினின்னு அம்மா சொல்றாங்க. அத்தப் பாத்துட்டு, நான் அங்க சந்தோசமா கீறேன்னு எந்த வாயால சொல்றது?"

"அதுக்குப் பதிலா எனக்குக் குளிர் ஆகாதுன்னு அவங்ககிட்ட சொல்லிக்கீற."

அப்போதுதான் கனகம் அந்த மார்கழிகளைப் பற்றி அவரிடம் சொன்னாள். வெறுந்தரையையும், போர்வையில்லாமல் கிடந்ததையும், நெஞ்சுச்சளி வந்ததையும் சொன்னாள். மாமியார் கடைசிவரை சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தாள். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. பெரிய மீசையை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் விக்கி விக்கி அழுதார். கனகம் அழவில்லை.

"ஜூலின்னு ஒருத்தி இருந்திருந்தா தேடிப் புடிச்சி ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்யா. மலைகூட நான் இன்னாத்த சண்ட போடறது?"

மறுநாள் காலையில் இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். விசாரித்தார்கள், மரியாதையாகத்தான் விசாரித்தார்கள். கம்பெனி மேலாளரும் வந்து சொன்னார். வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும், மேலிடத்திலிருந்து ஒரு வார்த்தை வரும்வரை பாண்டுரங்கன் மட்டும் வெளியூர் எங்கும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாளில் அதில் குற்றம் சொல்ல முடியாது.

ஜூலை ஒன்றும் நடக்காமல் கழிந்தது. ஆகஸ்டு பிறந்தும் மேலிடத்து வார்த்தை வரவில்லை. பாண்டுரங்கன் ஆளே பாதியாகிவிட்டார். டூரையே விட்டுவிடலாம் என்று தாவீதிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கனகம் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். இந்த முறை உள்ளே போகவில்லை.

"எல்லாரும் போவட்டும். இவரு சீட்டுல நான் போறேன்."

"நீயா? உனக்குத்தான்..." என்று தொடங்கிய பாண்டுரங்கன் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

அவர் சொன்னது நிஜம்தானா என்று பார்க்கத்தான் அவள் கிளம்பினாள். அதை யாரிடமும் மறைக்கவில்லை. சந்தேகம் போய்விட்டது என்று யார் சொன்னது? ஆள்மேல் இருந்த சந்தேகம் ஊர்மேல் போயிருந்தது, அவ்வளவுதான். டிக்கெட்டில் பேர் மாற்றும் வேலையைத் தாவீது பார்த்துக்கொண்டான். போகும் வழியெல்லாம், மணாலியைத் தாண்டி மொட்டை மலைகள் வந்தபோதெல்லாம், எங்கேடி சொர்க்கம் என்று ஞானம்மாவைக் குடைந்துகொண்டே போனாள். அவ்வளவு உயரத்தில் தலை வெடிப்பதுபோல வலித்தது, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. அப்போதுகூட, பரவாயில்லை, கொஞ்சம் நரகமும் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி.

லேயில் நம்கியால் வந்து காத்திருந்தான். சுருங்கிய முகம், சிரிப்பு நிறைந்த கண்கள். பாண்டு வரவில்லையா என்று முதலில் கேட்டான். இவர்தான் பாண்டுவின் மனைவி என்று ஞானம்மா தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். அவன் கனகத்தை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான். ஞானம்மா அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். கனகம் விடவில்லை.

"ஒண்ணுமில்ல க்கா. அண்ணனுக்குக் கல்யாணம் ஆன விசயமே அவருக்குத் தெரியாதாம்."

முதல் இரண்டு நாளும் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது மெய்யான விதிதான். கனகம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடவா பேச்சுவாக்கில் என் பேர் வந்திருக்காது? தலைவலி ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

மூன்றாம் நாள் ஒரு மலைமேல் இருந்த மடத்துக்கு நம்கியால் அழைத்துப்போனான். மெதுவாக, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினார்கள். மேலே மொட்டைமாடிக்குப் போனதும் கீழே ஆறு தெரிந்தது. ஆற்றின் இரு பக்கமும் வயல் விளைந்து நின்றது. விவசாயி மகள் அல்லவா, அது என்ன பயிர், எத்தனை மாதத்துப் பயிர் என்று ஞானம்மாவை வைத்து நம்கியாலை உடனே கேட்டாள். பார்லி என்றான். இறங்கி வரும்போது வயலில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஜூலே என்றார்கள். கனகமும் சொன்னாள். அவர்கள் கூப்பிட்டு உட்கார வைத்து, உப்புப் போட்ட டீயும் மஞ்சள் மஞ்சளாகச் சின்னச் சின்னப் பழங்களும் கொடுத்தார்கள். ஒருத்தி கனகத்தின் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். இவள் அவளுடைய கம்பளி அங்கியைத் தொட்டுப் பார்த்தாள். யாருக்கும் யார் மொழியும் தெரியாது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மறுநாள் இன்னொரு மடம், அதற்கு அடுத்த நாள் ஒரு சந்தை. அன்று சாயங்காலம் ரூமில் தலை வாரிக்கொண்டிருந்தபோது ஞானம்மா, அண்ணன் அங்கே சமையலுக்கு என்ன செய்கிறாரோ என்று சொன்னாள். கனகத்தின் கையில் சீப்பு நின்றது. எந்த அண்ணன் என்று ஒரு கணம் அவளுக்குத் தட்டுப்படவே இல்லை. அந்த மலைமேல் ஏறியதிலிருந்து வீட்டு நினைப்பே அவளுக்கு வரவில்லை. புருஷன் நினைப்பும், அவர்மேல் இருந்த கோபமும், எதுவுமே வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. தன்னைத்தானே சந்தேகமாகப் பார்ப்பது கனகத்துக்கு அதுதான் முதல் தடவை.

அவள் திரும்பி வந்த அன்று பாண்டுரங்கன் லீவு போட்டுவிட்டு வாசலிலேயே நின்றிருந்தார். ஸ்டேஷனிலிருந்து முந்தின நாள்தான் சொல்லி அனுப்பியிருந்தார்களாம், இனிமேல் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று. அவரே சமைத்திருந்தார், சாம்பார் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. இலை போட்டு உட்கார வைத்துப் பரிமாறினார். மடங்களைப் பற்றியும் நம்கியாலைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். கடைசியாக, கரண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என் நெனப்பு வந்துதா?"

தினம் தினம் வந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் முகம் அதைத்தான் கேட்டது. அப்படி ஒரு பதிலைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று கனகத்துக்கு அப்போது தெரிந்தது.

"மூணு நாளு சுத்தமா வரலய்யா."

அவர் முகம் வாடிப்போனது. அதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் விடவில்லை.

"எனக்கு மூணு நாளு. உனக்கு?"

பாண்டுரங்கன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எண்ணல கனகம்" என்றார். "நெறைய நாளு."

கனகத்துக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. சாப்பிட்ட கையோடு அழுதாள். அந்த நரகம் பொய்யான பிறகு அவர் சொன்ன எதையும் குடைந்து பார்க்காமல் அவள் விட்டதில்லை. இதை அவள் அப்படியே நம்பினாள்.